புதிய ஸ்டார்ட்அப்புக்கு எந்தப் பணிக் கலாச்சாரம் சரி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டார்ட்அப் தொடங்கியவர்களும் தொடங்கப் போகிறவர்களும் பணிக் கலாச்சாரத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. முதல் ஆளை வேலைக்கு எடுப்பதற்கு முன் படித்தால் நல்லது. இருபது பேரை எடுத்துவிட்டவர்களுக்குப் பின்பாதி உதவும்.

நாங்கள் மூன்றே பேர். இப்போதே இதைப் பற்றி யோசிக்க வேண்டுமா?

வேண்டும். நீங்கள் யோசிக்காவிட்டாலும் அது பாட்டுக்கு உருவாகிக்கொண்டுதான் இருக்கும். இரவு பதினொரு மணிக்கு வரும் செய்திக்கு உடனே பதில் போடுகிறீர்களா? ஒருவர் சொன்ன தேதிக்கு வேலையை முடிக்காவிட்டால் மற்ற இருவரும் என்ன செய்கிறீர்கள்? வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது மூவருக்கும் தெரியுமா? இதெல்லாம் ஏற்கெனவே பழக்கமாகியிருக்கும். நான்காவதாகச் சேருபவர் உங்கள் மூவரையும் பார்த்து, 'இங்கே இப்படித்தான் போல' என்று முடிவு கட்டுவார். ஐந்தாமவர் நான்காமவரைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்.

தங்குமிடங்களை வாடகைக்கு விட உதவும் இணையதளமான ஏர்பிஎன்பியின் நிறுவனர்கள் தங்கள் முதல் பொறியாளரைத் தேடவே பல மாதங்கள் செலவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு நாள் காத்திருக்க எல்லோருக்கும் வசதிப்படாது. ஆனால் முதல் பத்துப் பேரைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் காட்டாதீர்கள். பிற்பாடு மற்றவர்களை நேர்காணல் செய்யப் போவது அவர்கள்தான்.

அதற்காக நாற்பது பக்க ஆவணம் எழுத உட்கார வேண்டாம். மூன்று பேர் கம்பெனிக்கு முதல் வேலை வாடிக்கையாளரைப் பிடிப்பது.

கலாச்சாரத்தில் என்னென்ன வகைகள் இருக்கின்றன?

பலரும் பலவிதமாகப் பிரித்திருக்கிறார்கள். ஸ்டார்ட்அப்புகளையே எடுத்து ஆராய்ந்தது என்ற வகையில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பேரன், மைக்கேல் ஹானன் இருவரும் செய்த ஆய்வு முக்கியமானது. 1990களின் நடுவில் தொடங்கி, சிலிக்கான் பள்ளத்தாக்கில் இருந்த ஏறத்தாழ 200 இளம் தொழில்நுட்ப நிறுவனங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கம்பெனியை எப்படி நடத்த வேண்டும் என்று நிறுவனர்களின் மனத்தில் இருந்த வரைபடத்தை மூன்று விஷயங்களை வைத்துப் பிரித்தார்கள். ஆட்கள் எதற்காக இங்கே இருக்கிறார்கள்: பணத்துக்கா, வேலையின் சுவாரசியத்துக்கா, கூட இருப்பவர்கள் மேல் உள்ள பற்றினாலா? எதைப் பார்த்து ஆள் எடுக்கிறீர்கள்: இன்றைய திறமையையா, நாளை வளரக்கூடிய ஆற்றலையா, ஒத்துப்போகும் குணத்தையா? வேலை ஒழுங்காக நடப்பதை எது பார்த்துக்கொள்கிறது: முதலாளியின் நேரடிக் கண்காணிப்பா, எழுதிவைத்த விதிகளா, சக ஊழியர்களா, அவரவர் தொழில்முறைப் பயிற்சியா?

பதில்கள் பெரும்பாலும் ஐந்து வகைகளில் அடங்கின. பெரிய மூளைகளை எடுத்து, சவாலான வேலையும் சுதந்திரமும் கொடுப்பது நட்சத்திர வகை. ஒரு சிக்கலைத் தீர்க்கும் ஆர்வத்தில் டீமாகச் சேர்ந்து உழைப்பது பொறியாளர் வகை. அவர்கள் பார்த்ததில் இதுதான் அதிகம். ஒத்துப்போகிறவர்களை எடுத்து நீண்ட காலம் வைத்துக்கொள்ளப் பார்ப்பது பற்று வகை. விதியும் நடைமுறையும் எழுதிவைத்து நடத்துவது நிர்வாக வகை. 'சம்பளம் தருகிறேன், சொன்னதைச் செய்' என்பது தனியாட்சி வகை.

மூழ்கிப்போகும் ஆபத்து மிகக் குறைவாக இருந்தது பற்று வகைக்கு. பங்குச் சந்தைக்குச் சீக்கிரம் போனதும் அந்த வகைதான். தனியாட்சிக்குத்தான் மோசமான நிலை. நட்சத்திர வகை ஒரு சூதாட்டம்: தோற்றவை நிறைய, ஆனால் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தவற்றின் மதிப்பு வேகமாக ஏறியது.

இதைப் படித்துவிட்டு உடனே பற்று வகைக்குத் தாவ வேண்டாம். அது ஒரு காலகட்டத்தில், ஒரே வட்டாரத்தில், ஒரே துறையில் நடந்த ஆய்வு. என்னைக் கேட்டால், ஐந்து பெயர்களை விட அந்த மூன்று கேள்விகளுக்குத்தான் பயன் அதிகம். அவற்றுக்கு உங்களிடம் நேர்மையான பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எங்கள் கம்பெனிக்கு எது பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் தொழிலில் ஒரு தவறு நடந்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதிலிருந்து தொடங்குங்கள். படம் பகிரும் செயலியில் ஒரு பொத்தான் வேலை செய்யாவிட்டால் மதியத்துக்குள் சரிசெய்து விடலாம். நோயாளிக்கு எத்தனை மில்லிகிராம் மருந்து என்று கணக்கிடும் மென்பொருளில் அந்தச் சலுகை கிடையாது. 'உடைந்தாலும் பரவாயில்லை, வேகமாகப் போ' என்பது ஒரு காலத்தில் ஃபேஸ்புக்கின் தாரக மந்திரம். 2014இல் அந்த நிறுவனமே அதை மாற்றி, நிலையான கட்டமைப்போடு வேகமாகப் போவோம் என்றது. ஃபேஸ்புக்கை நம்பித் தொழில் நடத்துகிறவர்கள் பெருகிய பிறகு உடைவதன் விலையும் ஏறிவிட்டது. தவறின் விலை குறைவு என்றால் முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கீழே வரை தள்ளுங்கள். விலை அதிகம் என்றால் சரிபார்க்கும் பட்டியலும் இரண்டாவது ஆளின் கையெழுத்தும் அவசியம். அதைச் 'சிவப்பு நாடா' என்று கேலி செய்பவர் அந்தத் தொழிலுக்கு ஏற்றவர் இல்லை.

அடுத்தது வேலையின் இயல்பு. விற்பனையாளர்கள் தனித்தனியாக வாடிக்கையாளரைத் தேடிப் போகும் தொழில் என்றால் தனிநபர் இலக்கும் ஊக்கத்தொகையும் ஒத்துவரும். ஐந்து பேரின் வேலை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடத்தில் தனிநபர் தரவரிசை வைத்தால், பக்கத்து மேசைக்காரருக்கு உதவுகிறவர் பட்டியலில் பின்தங்குவார். இரண்டு மாதத்தில் உதவுவதை நிறுத்திவிடுவார்.

மூன்றாவது, பலரும் தொடத் தயங்குவது: நிறுவனரின் குணம். வாடிக்கையாளருக்குப் போகும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் தானே பார்த்தால்தான் சிலருக்குத் தூக்கம் வரும். அப்படிப்பட்டவர் 'இங்கே முழுச் சுதந்திரம்' என்று விளம்பரம் கொடுத்தால், சுதந்திரம் தேடி வந்தவர் ஆறு மாதத்தில் கசந்துபோய் வெளியேறுவார். 'முதல் இரண்டு வருடம் எல்லா டிசைனும் என் கண்ணில் பட்ட பிறகுதான் வெளியே போகும்' என்று நேர்காணலிலேயே சொல்லிவிடலாம். அதோடு இருக்க முடிகிறவர்கள் வருவார்கள். அப்படிப்பட்டவர்களும் நிறையப் பேர் உண்டு.

பணமும் ஒரு காரணி. சந்தையில் கிடைக்கும் சம்பளத்தை உங்களால் தர முடியாதென்றால் வேறு எதைத் தருகிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள்: கம்பெனியில் பங்கு, கற்கும் வாய்ப்பு, வேலை நேரத்தில் நெகிழ்வு. ஒன்றுமே தராமல் 'ஆர்வம் இருந்தால் வாங்க' என்பது எடுபடாது.

நெட்ஃபிளிக்ஸ் மாதிரி வைத்துக்கொண்டால் என்ன?

நெட்ஃபிளிக்ஸ் 1997இல் தொடங்கப்பட்டது. அதன் கலாச்சாரத்தை விளக்கும் புகழ்பெற்ற ஸ்லைடுகள் பொதுவெளிக்கு வந்தது 2009இல். இடையில் பன்னிரண்டு வருடம், 2001இல் மூன்றில் ஒரு பங்கு ஊழியர்களைக் குறைத்த அனுபவம், பங்குச் சந்தையில் நுழைந்தது என்று எவ்வளவோ நடந்தன. அந்த ஸ்லைடுகளில் பிரபலமானது இது: ஓரளவு நன்றாக வேலை செய்பவருக்குத் தாராளமான தொகை கொடுத்து அனுப்பி வைப்போம். இதில் 'அனுப்பி வைப்போம்' என்பதைப் பலரும் பிடித்துக்கொண்டார்கள். 'தாராளமான தொகை'யையும், சந்தையிலேயே உயர்ந்த சம்பளம் என்ற கொள்கையையும் வசதியாக மறந்துவிட்டார்கள். அந்த இரண்டும் இல்லாமல் மற்றதை மட்டும் எடுத்தால் மிஞ்சுவது பயம்தான்.

அடுத்தவர் மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வதைப் போன்றது இது. அவருக்குத் தெளிவாகத் தெரியும், உங்களுக்குத் தலைவலி வரும். ஒரு நிறுவனத்தின் பழக்கம் பிடித்திருந்தால், அது எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது என்று பாருங்கள். அந்தச் சிக்கல் உங்களிடம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று சொல்லலாமா?

சொல்லாமல் இருப்பது நல்லது. பணம் தீரும் நிலையில் ஆட்களைக் குறைக்க வேண்டி வரலாம். குடும்பத்தில் யாரும் யாரையும் அப்படி அனுப்புவதில்லை. அதற்கு முன்பே இன்னொரு தொல்லை இருக்கிறது. விடுமுறை நாளில் வேலை பார்த்ததற்கு ஈடு கேட்டால், 'குடும்பத்துக்குள் கணக்குப் பார்ப்பாங்களா?' என்ற பதில் தயாராக இருக்கும்.

சம்பளம் தேதி தவறாமல் வருவது, ஒருவர் நோயில் விழுந்தால் அவர் வேலையை மற்றவர்கள் முகம் சுளிக்காமல் பகிர்ந்துகொள்வது, கெட்ட செய்தியை நிறுவனர் முன்கூட்டியே சொல்வது: பற்று வருவது இவற்றால்தான்.

மேலாளர்களே இல்லாமல், எல்லோரும் சமம் என்று நடத்த முடியுமா?

ஏழெட்டுப் பேர் வரை தானாகவே நடக்கும். அதற்கு மேல் கவனமாக இருங்கள். வால்வ் என்ற கணினி விளையாட்டு நிறுவனத்தின் ஊழியர் கையேடு 2012இல் வெளியே வந்தபோது உலகமே வியந்தது. மேலாளர் கிடையாது, மேசைக்குச் சக்கரம் உண்டு, பிடித்த புராஜெக்டுக்கு உருட்டிக்கொண்டு போகலாம். மறுவருடம், அங்கிருந்து வெளியேறிய ஒருவர் கண்ணுக்குத் தெரியாத ஓர் அதிகார அடுக்கு அங்கே இருந்ததாகப் பேட்டி கொடுத்தார். இணையத்தில் காலணி விற்கும் ஜாப்போஸ், மேலாளர் பதவிகளை நீக்கி, தங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் சிறு குழுக்களாக ('வட்டங்கள்') இயங்கும் முறைக்குப் போனபோது, பிடிக்காதவர்கள் பணம் வாங்கிக்கொண்டு விலகலாம் என்று 2015இல் அறிவித்தது. சுமார் 210 பேர், அதாவது ஊழியர்களில் 14 சதவீதம், விலகினார்கள். எல்லோரும் அந்த ஒரு காரணத்துக்காகவே போனார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அது சின்ன எண்ணிக்கை இல்லை.

பதவி இல்லாத இடத்திலும் அதிகாரம் இருக்கும். நிறுவனரோடு அதிகம் பேசுபவர், முதலில் சேர்ந்தவர், குரல் உயர்ந்தவர் ஆகியோரிடம் அது போய்ச் சேரும். பதவி என்று ஒன்று இருந்தால் யாரிடம் முறையிடுவது என்றாவது புதிதாக வருபவருக்குத் தெரியும். அடுக்குகள் குறைவாக இருக்கட்டும். ஆனால் எந்த முடிவு யாருடையது என்பது எழுத்தில் இருக்கட்டும்.

கம்பெனியின் மதிப்பீடுகளை (values) எழுதிச் சுவரில் மாட்ட வேண்டுமா?

கணக்கு மோசடி அம்பலமாகி 2001இல் திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனம் என்ரானின் மதிப்பீடுகள்: மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், உன்னதம். சுவருக்கு இது போதும்.

எழுதத்தான் வேண்டும் என்றால், எதிர்ப்பக்கமும் நியாயமாக இருக்கும்படி எழுதுங்கள். 'தரம் எங்கள் உயிர்' என்பதை மறுக்க ஆள் கிடையாது. அதனால் அதில் ஒரு முடிவும் இல்லை. 'தேதி தள்ளிப்போனாலும் சோதிக்காமல் வெளியிட மாட்டோம்' என்பதில் முடிவு இருக்கிறது, இழப்பும் இருக்கிறது. சண்டை வரும்போது யாராவது எடுத்துக் காட்டக்கூடிய வரி அதுதான்.

'கல்ச்சர் ஃபிட்', அதாவது நம் கலாச்சாரத்துக்கு ஒத்துவருவாரா என்று பார்த்து ஆள் எடுப்பது சரியா?

நடைமுறையில் அது பெரும்பாலும் 'என்னைப் போலவே இருக்கிறார், பிடித்துப்போச்சு' என்றுதான் முடிகிறது. ஒரே கல்லூரி, ஒரே நகைச்சுவை, ஒரே மாதிரி குருட்டுப் புள்ளி. அதைத் தவிர்க்க, ஒத்துப்போவது என்றால் எந்த நடத்தையில் என்று இரண்டு மூன்றை மட்டும் முடிவு செய்யுங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். நேர்காணல் செய்தவர்கள் பேசிக்கொள்வதற்கு முன் தனித்தனியாக மதிப்பெண் எழுதிவிடட்டும்.

நான் பயனுள்ளதாகக் கருதும் கேள்வி: 'நீங்கள் ஒத்துக்கொள்ளாத ஒரு முடிவை டீம் எடுத்தபோது என்ன செய்தீர்கள்? அதற்கு மறுநாள் என்ன செய்தீர்கள்?' முதல் பாதிக்கு எல்லோரிடமும் அழகான பதில் இருக்கும். மறுநாள் என்று கேட்டதும் சிலர் யோசிக்கத் தொடங்குவார்கள். அந்த முடிவைத் தன் முடிவாகவே எடுத்துச் செய்தாரா, 'அப்பவே சொன்னேன்' என்று காத்திருந்தாரா என்பது அங்கேதான் தெரியும்.

உங்கள் கம்பெனியின் கடினமான பக்கத்தையும் சொல்லிவிடுங்கள். ஜாப்போஸ் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சிக் காலத்தில், விலக விரும்பினால் 2,000 டாலர் தருகிறோம் என்று சொல்லி வந்தது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், பிடிக்காதவர் சீக்கிரம் போவது இரு தரப்புக்கும் லாபம் என்ற கணக்கு சரிதான்.

மிகத் திறமையான ஒருவர் மற்றவர்களை அவமானப்படுத்திப் பேசுகிறார். என்ன செய்வது?

ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள். எந்த மீட்டிங்கில் எந்த வாக்கியம் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். மாறாவிட்டால் அனுப்பிவிடுங்கள். அவர் இல்லாமல் ரிலீஸ் தள்ளிப்போகும் என்று பயமாக இருக்கும், தள்ளிப்போகவும் செய்யும். ஆனால் அவருக்குப் பயந்து வாயைத் திறக்காமல் இருக்கும் நால்வரின் யோசனைகள் கிடைக்காமல் போவதால் எவ்வளவு நஷ்டம் என்பது எந்தக் கணக்கிலும் வராது. அவர் இருக்கும் வரை சுவரில் என்ன எழுதியிருந்தாலும் யாரும் நம்பவும் மாட்டார்கள்.

தவறு நடந்தால் எப்படி நடந்துகொள்வது?

கலாச்சாரம் உண்மையில் சோதிக்கப்படும் இடம் இதுதான். ஒரு வெள்ளிக்கிழமை மாலையை எடுத்துக்கொள்வோம். ரிலீஸ் போன அரை மணி நேரத்தில் சில வாடிக்கையாளர்களிடம் ஒரே ஆர்டருக்கு இரண்டு தடவை பணம் பிடிக்கப்பட்டிருக்கிறது. குழு சாட்டில் நிறுவனர் முதலில் தட்டுவது 'யார் பண்ணினது?' என்றால், அடுத்த இருபது நிமிடம் அங்கே அமைதிதான். மூன்று பேர் பழைய நிரல் (code) மாற்றங்களைத் திறந்து, தங்கள் பெயர் அதில் இல்லை என்று உறுதிசெய்து கொண்டிருப்பார்கள். பணம் அதுவரை பிடிபட்டுக்கொண்டே இருக்கும். 'எத்தனை பேருக்கு ஆகியிருக்கு? ரிலீஸைத் திரும்ப எடுக்கலாமா?' என்று கேட்டால், சேர்ந்து இரண்டே மாதமான பெண்கூடச் சொல்லிவிடுவார்: 'என் மாற்றம்தான். மறுபடி முயலும் இடத்தில் ஆர்டர் எண்ணைச் சரிபார்க்க விட்டுட்டேன். திரும்ப எடுக்கிறேன்.' திங்கட்கிழமை நான்கு வரிக் குறிப்பு போதும்: என்ன நடந்தது, எப்போது தெரிந்தது, சோதனையில் ஏன் பிடிபடவில்லை, இனி எதை மாற்றுகிறோம். அதில் யார் பெயரும் வேண்டாம்.

ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. முதலில் குழப்பமான முடிவுதான். அந்தக் குழுக்கள் பிழைகளை மறைக்காமல் பேசியதே காரணமாக இருக்கும் என்று அவர் கண்டார். 2012இல் கூகுள் தன் 180 குழுக்களை வைத்து நடத்திய ஆய்விலும், 'பயமில்லாமல் பேசலாம்' என்ற உணர்வுதான் முதலிடத்துக்கு வந்தது; குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அவ்வளவு பெரிய விஷயமாக இருக்கவில்லை.

இதைச் 'சும்மா விட்டுவிடுவது' என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. தவறை மறைத்தவரிடமும், ஒரே தவறை அலட்சியமாகத் திரும்பச் செய்கிறவரிடமும் கண்டிப்பு வேண்டும்.

வீட்டிலிருந்தா, அலுவலகத்திலா?

இரண்டும் ஓடும். சிக்கல் வருவது திட்டமில்லாத கலவையில்தான்: ஐந்து பேர் ஓர் அறையில், இரண்டு பேர் திரையில். மீட்டிங் முடிந்து திரை அணைந்த பிறகு, நடந்துகொண்டே பேசும்போது முடிவு மாறிவிடும். திரையில் இருந்த இருவருக்கும் மறுநாள்தான் தெரியும். அலுவலகமே இல்லாமல் இயங்கும் மென்பொருள் நிறுவனமான கிட்லேப், தன் கையேட்டை 2,000 பக்கங்களுக்கு மேல் எழுதிப் பொதுவெளியில் வைத்திருக்கிறது. உங்களுக்கு ஒரே ஒரு பொது ஆவணம் போதும்: தேதி, முடிவு, காரணம், எடுத்தவர். அதில் ஏறாத முடிவு முடிவே அல்ல என்று வைத்துக்கொண்டால் யார் எங்கே உட்கார்ந்தாலும் பரவாயில்லை.

ஸ்டார்ட்அப் என்றால் இரவு பகல் பார்க்காமல் உழைக்கத்தானே வேண்டும்?

வெளியீட்டுக்கு முந்தைய இரண்டு வாரம் என்றால் சரி. வருடம் முழுக்க என்றால் திட்டமிடலில் கோளாறு. 40 சதவீதப் பங்கு வைத்திருப்பவருக்கு உள்ள வெறி 0.2 சதவீதம் வைத்திருப்பவருக்கும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை பார்ப்பது உங்கள் இஷ்டம்; செய்தியை மட்டும் திங்கள் காலை போகும்படி நேரம் வைத்து அனுப்புங்கள்.

இணை நிறுவனர்களுக்குள்ளேயே கருத்து ஒத்துப்போகவில்லை. என்ன செய்வது?

'கலாச்சாரம்' என்று பொதுவாகப் பேசினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். சூழ்நிலைகளை எழுதி, ஆளுக்குத் தனியாகப் பதில் எழுதுங்கள். பெரிய வாடிக்கையாளர் நம் ஊழியரைத் திட்டுகிறார், என்ன செய்வோம்? இரண்டு மாதச் சம்பளத்துக்குத்தான் பணம் இருக்கிறது. யாரிடம், எப்போது சொல்வோம்? நல்ல உழைப்பாளி, ஆனால் வேலைக்குத் தேவையான திறமை போதவில்லை. எத்தனை மாதம் பொறுப்போம்? தாள்களை மாற்றிப் படிக்கும்போது வேறுபாடு பளிச்சென்று தெரியும். சிலவற்றில் இருவரில் ஒருவர் விட்டுக்கொடுக்கலாம். பணம், நேர்மை ஆகிய இரண்டிலும் பதில்கள் எதிரெதிராக இருந்தால், சேர்ந்து நடத்துவதையே மறுபடி யோசிப்பது நல்லது.

இப்போது ஒன்றை வைத்துக்கொண்டு பின்னால் மாற்றிக்கொள்ளலாமா?

முடியும், ஆனால் செலவு அதிகம். முன்னே சொன்ன ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், அடிப்படை வரைபடத்தை மாற்றிய நிறுவனங்களிலிருந்து ஆட்கள் அதிகமாக வெளியேறினார்கள். மூழ்கும் ஆபத்தும் கூடியது. ஒரு வகையை நம்பி வந்தவர்களுக்கு, அது மாறும்போது தங்களிடம் கொடுத்த வாக்கு மீறப்பட்டதாகத் தோன்றுகிறது. 2021இல் பேஸ்கேம்ப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர்கள் அலுவலகத் தளங்களில் அரசியல் விவாதம் கூடாது என்பது உட்படச் சில மாற்றங்களைத் திடீரென அறிவித்தார்கள். சில நாட்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஊழியர்கள் விலகினார்கள். விதி சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அறிவிப்பைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது என்பதில் பலருக்குக் கோபம்.

மாற்றாமலே இருந்தாலும் விலை உண்டு. 2017இல் பாலியல் துன்புறுத்தல் புகார்கள் வெடித்து ஊபரின் தலைமை நிர்வாகி பதவி விலகினார். புதிதாக வந்தவர் அந்த வருடமே பழைய 14 மதிப்பீடுகளை எடுத்துவிட்டு எட்டுப் புதியவற்றைக் கொண்டுவந்தார். அவற்றை எழுதுவதற்கு ஊழியர்களிடமே யோசனை கேட்கப்பட்டது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கேட்டு மாற்றுங்கள். எது மாறுகிறது, எது மாறாது என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள்.

டேபிள் டென்னிஸ் மேசை, இலவசச் சாப்பாடு?

கையில் பணம் இருந்தால் வாங்குங்கள். அதற்கும் இந்தப் பக்கத்துக்கும் தொடர்பு குறைவு.

சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஊழியர் கருத்துக் கணிப்பு பத்துப் பேர் கம்பெனியில் வேலைக்கு ஆகாது. பெயர் போடாவிட்டாலும் யார் எழுதியது என்று நடையைப் பார்த்தே தெரிந்துவிடும். அதை விட, கெட்ட செய்தி உங்கள் காதுக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்று கவனியுங்கள். வாடிக்கையாளர் விலகப் போகிறார் என்பது டீமுக்குத் தெரிந்து ஒரு வாரம் கழித்து உங்களுக்குத் தெரிந்தால், எங்கோ பயம் இருக்கிறது. கடைசியாக உங்கள் கருத்தை ஒருவர் மீட்டிங்கில் மறுத்தது எப்போது, அதற்குப் பிறகு அவரிடம் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

விலகிப் போகிறவரிடம் கடைசி நாளில் கேட்டால் நல்லதாகவே பேசுவார். அனுபவச் சான்றிதழ் வாங்க வேண்டுமே. மூன்று மாதம் கழித்து, அவரோடு வேலை பார்த்த, அவர் மதிக்கும் ஒருவரை விட்டுப் பேசச் சொல்லுங்கள்.